கொய்யா மரத்தில் மீராசா ராவுத்தர்

எண்பத்து நாலாம் வருஷம் மே மாத லீவில், ஜெர்மனியில் நர்ஸாக இருந்த அக்காவிடமிருந்து சகாயராணி டீச்சருக்கு ஒரு பார்சல் வந்தது. சாக்லேட், திண்டுக்கல் வெயிலுக்கு ஒரு கம்பளி ஸ்வெட்டர், கூடவே ஒரு சீட்டுக்கட்டு. ரம்மி ஆடுகிற சீட்டில்லை, எழுபத்தெட்டும் படம். டாரட் என்று பெயராம், வரப்போவதைச் சொல்லுமாம். விளக்கப் புத்தகம் முழுக்க ஜெர்மனில் இருந்தது. டீச்சருக்கு அதில் புரிந்தவை பக்க எண்கள் மட்டும்தான். போகட்டும், பதினோரு வருஷமாக ஒண்ணாங்கிளாசுக்குப் படம் காட்டிக் கதை சொல்கிறவளுக்கு இது ஒரு பெரிய காரியமா?

முதலில் வந்து உட்கார்ந்தவள் அடுத்த வீட்டு ஜெய்தூன் பீவி. அவள் மகள் மெஹராஜைப் பெண் பார்த்துவிட்டுப் போன நத்தத்துக்காரர்கள் மூன்று வாரமாக வாயே திறக்கவில்லை.

"எங்க பள்ளிவாசல் ஹஜ்ரத் காதுக்குப் போயிறக் கூடாது டீச்சர்."

"எங்க ஃபாதர் காதுக்குந்தான்க்கா. ரெண்டு சீட்டு எடுங்க."

முதல் சீட்டில் ஒருத்தன் ஒற்றைக் காலில் கட்டுண்டு மரத்தில் தலைகீழாகத் தொங்கினான். இரண்டாவதில் வானவில், பத்துக் கிண்ணம், கூத்தாடும் பிள்ளைகள். டீச்சர் தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"ரெண்டாவது கல்யாண விருந்து. சந்தேகமே இல்ல. ஆனா அதுக்கு முன்னால ஒங்க வீட்டுல ஒரு ஆம்பள தலைகீழாத் தொங்குவாரு."

"தொங்கலேன்னா?"

டீச்சர் இதை யோசித்திருக்கவில்லை. "மொதச் சீட்டு நடந்தாத்தான ரெண்டாவது நடக்கும்?" என்று சொல்லி வைத்தாள்.

அந்த வீட்டில் இருந்த ஒரே ஆம்பளை அவள் புருஷன் மீராசா ராவுத்தர், தோல்ஷாப்பு மேஸ்திரி. கைலியோடு தலைகீழானால் மானம் போகும் என்று அவர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். மறுநாள் காலையில் ஜெய்தூன் பீவி அவருடைய பழைய பேன்ட்டைத் தேடி எடுத்து மாட்டிவிட்டு, தன் துப்பட்டியால் ஒரு காலைக் கொய்யாக் கிளையில் கட்டித் தொங்கவிட்டாள்.

"இன்னொரு காலை மடக்குங்க. படத்துல அப்படித்தான் இருக்கு."

அவர் மடக்கினார். சட்டைப்பையிலிருந்த மூக்குப்பொடி டப்பா திறந்து முகத்தில் கொட்டியது. ஒவ்வொரு தும்மலுக்கும் மனிதர் ஊஞ்சல் மாதிரி முன்னும் பின்னும் போய் வந்தார்.

அந்த நேரம் பார்த்து சீட்டும் கையுமாக ஓடி வந்தாள் டீச்சர்.

"அக்கா, தப்பாச் சொல்லிட்டேன்! நேத்து நீங்க எனக்கு எதிர்த்தாப்புல உக்காந்திருந்தீகள்ல? ஒங்க பக்கமிருந்து பாத்தா இவன் நேரா நிக்கிறான்!"

"இத நேத்தே சொன்னா என்ன டீச்சர்?"

ராவுத்தர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். தும்மல்தான் வந்தது.

அதற்குள் வாசலில் சலாம் சொல்லும் சத்தம். நத்தத்து மாப்பிள்ளையின் அத்தாவும் அம்மாவும் ஒரு கூடை மாம்பழத்தோடு உள்ளே வந்து, மரத்தைப் பார்த்து, அப்படியே நின்றுவிட்டார்கள்.

"என்ன இது?" என்றார் மாப்பிள்ளையின் அத்தா.

ஜெய்தூன் பீவி டீச்சரைப் பார்த்தாள். டீச்சர் சீட்டை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள். "ஜெர்மன் வைத்தியங்க. ரத்தம் மண்டைக்கு எறங்குனா… முடி வளரும்."

அந்த மனிதர் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவினார். கண்ணாடி போல மின்னியது. "எத்தன நாளைக்குத் தொங்கணும்?"

"நாப்பது" என்றாள் டீச்சர், வாய்க்கு வந்தபடி.

காலையிலா மாலையிலா, சாப்பிட்டுவிட்டா வெறும் வயிற்றிலா என்று அவர் கேட்கக் கேட்க டீச்சர் அளந்துகொண்டே போனாள்.

"மொதல்ல என்னைய எறக்குங்களேன்!" என்று தலைகீழாக ஒரு குரல் கெஞ்சியது. யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

பொறுக்க மாட்டாமல், சம்பந்தி வீட்டார் முன்னால் வரக் கூடாத மெஹராஜே அரிவாள்மணையும் கையுமாக வந்தாள். அத்தாவின் தோளை ஒரு கையால் தாங்கிக்கொண்டு துப்பட்டியை ஒரே இழுப்பில் அறுத்தாள். தொப்பென்று விழுந்தவரைத் தூக்கி நிறுத்தி, மூக்கையும் துடைத்துவிட்டாள்.

மாப்பிள்ளையின் அம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இம்புட்டுப் பேரு இருக்கோம், இவளுக்குத்தான் கை ஓடுது" என்று மாம்பழக் கூடையை ஜெய்தூன் பீவியிடம் நீட்டினாள். "நாங்க சம்மதம் சொல்லத்தான் வந்தோம். அடுத்த மாசமே வச்சுக்கிருவோம்."

ஜெய்தூன் பீவிக்குக் கண் கலங்கிவிட்டது. தேதி பேச எல்லாரும் உள்ளே போனார்கள், மாப்பிள்ளையின் அத்தாவைத் தவிர. அவர் கொய்யாக் கிளையை ஆட்டிப் பார்த்து, "டீச்சர், இது என்னையத் தாங்குமா?" என்றார்.