நீலப் பையின் சுருக்குக் கயிறு

"குளிர் தாங்குமா தாங்காதா, அத மட்டும் சொல்லுங்க."

பிரகதீஸ்வரி இதையே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தாள். புதுக்கோட்டையில் ஸ்கூல் பேக் விற்கிற கடை. கடைக்காரர் செந்தமிழன் அந்த நீல ஸ்லீப்பிங் பேக்கைத் தட்டிக் காட்டினார்.

"மைனஸ் அஞ்சு வரைக்கும் தாங்கும்னு அதுலயே போட்டிருக்குல்லக்கா? வாங்கிட்டுப் போனவங்க யாரும் திரும்பி வந்து கொறை சொன்னதில்ல."

அவர்கள் திரும்பி வந்தார்களா என்பதே இவளுக்குச் சந்தேகமாகிவிட்டது.

மகள் ஹரிணிக்கு அன்று ராத்திரி ரயில். கல்லூரி என்.சி.சி.யிலிருந்து இமயமலைப் பக்கம் மலையேற்றப் பயிற்சிக்குத் தேர்வானது அவள் ஒருத்திதான். முடித்து வந்தால் போலீஸ் வேலைக்கு உதவும். படுக்கிற பையை மட்டும் அவரவர் கொண்டுவர வேண்டுமாம். வாத்து இறகு அடைத்த நல்ல பை இவளுடைய மாசச் சம்பளத்தை அப்படியே முழுங்கிவிடும். மலிவானதில் ஒன்று மெத்தை மாதிரி இருந்தது, அதைத் தூக்கிக்கொண்டு மலை ஏறினாற்போலத்தான். இன்னொன்று நைட்டித் துணி கனம்கூட இல்லை. கைக்கும் எட்டி, முதுகுக்கும் ஒத்துவந்தது இந்த நீலப் பைதான். ஆனால் தாங்குமா? மார்கழியிலும் ஃபேன் போட்டுத் தூங்குகிற ஊரில் பனியைப் பற்றி எவனைப் போய்க் கேட்பது!

"பிடிக்கலன்னா சாயங்காலத்துக்குள்ள கொண்டாங்க, பணத்தத் தந்துர்றேன்" என்றார் செந்தமிழன். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு மகளையும் பையையும் இழுத்துக்கொண்டு இலுப்பூர் பஸ் ஏறினாள்.

இலுப்பூரில் ஐஸ்கிரீம் ஏஜென்சியில்தான் அவளுக்கு வேலை. காலியாகக் கிடந்த சின்னக் குளிர் அறையை மைனஸ் ஐந்தில் வைக்கச் சொல்லி முதலாளி ஆண்டியப்பனிடம் கெஞ்சினாள்.

"ஏத்தா, ஒனக்கென்ன கிறுக்கா புடிச்சிருக்கு?" என்று தலையில் அடித்துக்கொண்டாலும் மனுஷன் வைத்துக் கொடுத்தார்.

"மொதல்ல நான் படுத்துப் பாக்குறேன்" என்று மகளைத் தள்ளிவிட்டு அவளே உள்ளே போய்ப் பைக்குள் நுழைந்தாள். கால் சூடாகத்தான் இருந்தது. கொஞ்ச நேரத்தில் கழுத்து வழியாகக் குளிர் இறங்கியது. தோள், முதுகு, நெஞ்சு. பல் கிட்டித்துப்போய்ப் பையோடு வெளியே ஓடிவந்தாள்.

"நீ போக வேணாம். போலீசும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம்."

ஹரிணிக்கு அழுகை முட்டியது. "தலைக்கிட்ட இருக்க கயித்த இழுத்துக் கட்டுனியா?"

பிரகதீஸ்வரி கட்டவில்லைதான். அந்தச் சுருக்குக் கயிற்றை இழுத்தால் முகம் மட்டும் வட்டமாகத் தெரியும், மற்றதெல்லாம் பொட்டலம். குவைத்துக்கு வேலைக்குப் போன இவள் புருஷன் கண்ணன் அப்படித்தான் வீடு வந்து சேர்ந்தான். பெட்டியைத் திறந்தபோது முகத்தை மட்டும்தான் காட்டினார்கள். அந்தக் கயிற்றைத் தொடவே இவளுக்குக் கை வரவில்லை.

"கட்டாம விட்டா குளிராம என்ன செய்யும்? நகரும்மா" என்று ஹரிணி பையைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே போனாள். கதவு சாத்திக்கொண்டது.

பிரகதீஸ்வரி கதவுப் பிடியில் கையை வைத்தபடி நின்றாள். கனத்த கதவு, உள்ளேயிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. இப்போது வருவாள், இப்போது வருவாள் என்று பார்த்தாள். வரவில்லை. ஐயோ, நானே பிள்ளையை உள்ளே அனுப்பிவிட்டேனே என்று மனசு அடித்துக்கொண்டது. கதவைத் திறந்தாள்.

தரையில் நீட்டமாக, கயிறு இறுக்கி, முகம் மட்டும் தெரியக் கிடந்தாள் மகள். கண் மூடியிருந்தது.

"ஹரிணி!"

பக்கத்தில் மண்டி போட்டு விழுந்தாள். மூக்கைத் தொட்டால் சில்லென்றிருந்தது. "அடியே, ஏந்திரிடீ! என்னையத் தனியா விட்டுட்டுப் போயிறாதடீ!" அவசரத்தில் முடிச்சு அவிழவில்லை. பிய்த்துக்கொண்டு உள்ளே கையை விட்டாள். கழுத்தெல்லாம் ஈரம். சுடச்சுட வேர்வை.

ஹரிணி ஒரு கண்ணைத் திறந்தாள். "நல்லா அசந்துட்டேன். ஏம்மா எழுப்புற? வேர்க்குது."

"வேர்க்குதா? வேர்க்குதாடீ சனியனே?" முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தாள் பிரகதீஸ்வரி. அப்புறம் அந்தப் பையோடு சேர்த்து மகளைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். ஆண்டியப்பன் கதவருகே வந்து பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

அழுது ஓய்ந்தபின் அவளே அந்தக் கயிற்றை எடுத்தாள். மெல்ல இழுத்து, மகள் முகத்தைச் சுற்றிச் சுருக்கி, தன் கையாலேயே முடிச்சுப் போட்டாள்.

"அங்கிட்டுப் போயும் இதே மாதிரி இறுக்கிக் கட்டிக்க. காலையில அவுத்ததும் மொத வேலையா எனக்குப் போன் பண்ணணும்."

"மலையில டவர் இருக்காதும்மா."

பிரகதீஸ்வரி முடிச்சை இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தாள்.

"அப்ப அவுத்ததும் அம்மான்னு சத்தமாக் கூப்புடு. எனக்குக் கேக்கும்."