முன்கூட்டியே வெளிக்கிட்ட ட்ரக்

பொலிசின் பட்டியலில் பெயர் ஏறினால், விபத்து நடக்கும்போது பொலிஸ் முறை வைத்துக் கூப்பிடும். ஏறாவிட்டால் சொந்தக்காரர்கள் கூப்பிடுவார்கள்.

இரவிச்சந்திரனை இவ்வளவு காலமும் சொந்தக்காரர்கள்தான் கூப்பிட்டார்கள். செத்த பற்றரி. காருக்குள் வைத்துப் பூட்டிய திறப்பு. கர்க்லாண்டில் பள்ளத்துக்குள் இறங்கிய மாப்பிள்ளைக் கார், மாப்பிள்ளையோடு.

அவனிடம் ஒரு டோ ட்ரக் இருந்தது, நின்றுபோன வாகனங்களைத் தூக்கி இழுத்துப் போகிற வண்டி. மொன்றியலில் பார்க் எக்ஸ்டென்ஷன் ஓரத்தில், தண்டவாளத்துக்குப் பக்கத்தில் ஒரு வளவு இருந்தது. ஜெனாட் என்று ஒரு பங்காளி இருந்தான். மன்னார்க்காரன், வேதக்காரன். வளவு வாசலில் பிள்ளையாரும் அந்தோனியாரும் ஒரே தட்டில் நின்றார்கள். அதில் பிரச்சினை வரவில்லை.

பட்டியலுக்கு இரண்டு முறை விண்ணப்பித்து இரண்டு முறையும் தவறிவிட்டது. முதல்முறை வேலியின் உயரம் போதவில்லை. இரண்டாம் முறை ட்ரக்கின் இலக்கத்தகட்டை வாசிக்க முடியவில்லை. முந்தின நாள்தான் ட்ரக்குக்குப் பூசை செய்திருந்தார்கள். குளிருக்குச் சந்தனம் சீமெந்து மாதிரி இறுகியிருந்தது.

மூன்றாம் முறையும் தவறினால் மூன்று வருடத்துக்கு விண்ணப்பிக்க முடியாது.

சோதனைக்கு நாள் வந்தது. வெள்ளிக்கிழமை, பதினொரு மணி.

பியர்பொன்ட்ஸ் வீட்டுக் குசினியில் அவன் மனைவி செல்வமலர் கலண்டரைப் பார்த்தாள்.

“பத்தரையிலயிருந்து பன்னிரண்டு மட்டும் ராகு காலம். வேற நேரம் கேளுங்கோ.”

“பொலிசிட்டை எப்பிடியப்பா கேக்கிறது?”

“வாயாலதான்.”

அவன் கேட்கவில்லை. சோதனையின் நடுவில் அதிகாரி ஓர் இடத்தைச் சொல்வார். ட்ரக் அரை மணித்தியாலத்துக்குள் அங்கே நிற்க வேண்டும். அப்படியென்றால் ட்ரக் ராகு காலத்தில் வெளிக்கிட வேண்டும். செல்வமலர் இதற்கு ஒரு வழி சொன்னாள்.

வழி பழையது. பயணம் கூடாத நேரத்தில் அமைந்தால், நல்ல நேரத்திலேயே பெட்டியைக் கொண்டுபோய் வெளியே வைத்துவிடுவார்கள். பெட்டி வெளிக்கிட்டால் ஆளும் வெளிக்கிட்ட மாதிரி. போன வருடம் ரொறன்ரோ போகும்போது செல்வமலர் தன் சூட்கேசை அயல்வீட்டு இத்தாலியனின் வாசலில் வைத்தாள். அவன் பொலிசுக்கு அறிவித்தான். ஆனால் பயணம் நல்லபடி முடிந்தது.

“ட்ரக்கை ஒம்பது மணிக்கே வெளியில எடுத்து விடுங்கோ,” என்றாள். “பேந்து ராகு ஒண்டும் செய்யேலாது.”

வெள்ளிக்கிழமை காலை இரவிச்சந்திரன் வளவுக்குத் தேங்காயோடு வந்தான். இம்முறை சந்தனம் இல்லை.

“மச்சான், இது எந்த ஊர் ராகு?” என்று ஜெனாட் கேட்டான்.

“என்னடா?”

“கலண்டர் ரொறன்ரோவில அடிச்சது. ராகு அங்கயிருந்து நெடுஞ்சாலையில வர ஆறு மணித்தியாலம் செல்லும். அதுக்குள்ள சோதினை முடிஞ்சிடும்.”

“வாயை மூடிக்கொண்டு எலுமிச்சம்பழத்தை வை.”

தேங்காய் உடைந்தது. ட்ரக் வாசலைத் தாண்டிப் பக்கத்துத் தெருவுக்குப் போனது. அங்கே ஓரத்தில் நிறுத்தி, ஒரு டயருக்கு முன்னால் இன்னொரு எலுமிச்சம்பழம் வைத்தார்கள். புதன்கிழமை கொட்டிய பனி தெருவின் இரு பக்கமும் இடுப்பளவு குவிந்திருந்தது. குவியலில் செம்மஞ்சள் பலகை ஒன்று குத்தியிருந்தது. இன்று பனி அள்ளுவார்கள், நிறுத்தாதே என்று அதில் இருந்தது.

“போர்ட் நிக்குது,” என்றான் ஜெனாட்.

“அது காருகளுக்கு. நாங்கள் டோ ட்ரக். எங்களை ஆரடா தூக்கிறது?”

ஜெனாட் யோசித்தான். சரியாகத்தான் பட்டது.

பதினொரு மணிக்கு எலிசா என்ற பொலிஸ் அதிகாரி நடந்து வந்தாள். சிரிக்காத பெண். பிரெஞ்சில் மட்டும் பேசினாள். இருவரும் பிரெஞ்சிலேயே பதில் சொன்னார்கள். அவள் வேலியை அளந்தாள். கமராக்களைப் பார்த்தாள். காப்புறுதியை வாசித்தாள். தட்டில் நின்ற இருவரையும் பார்த்து, ஊழியர்களா என்று கேட்டாள். இல்லை என்று ஜெனாட் சொன்னான்.

அப்போது வெளியே சங்கு ஊதியது. மேலும் கீழுமாக இரண்டு சுரம். பனி அள்ள வருகிறார்கள், வாகனத்தை எடுங்கள் என்று பொருள். மொன்றியலில் கைக்குழந்தைக்கும் அது தெரியும்.

மூவரும் கேட்டார்கள். எலிசாவின் பேனா சற்று நின்றது. பிறகு எழுதியது.

“எல்லாம் சரி,” என்றாள் கடைசியில். “ட்ரக் எங்கே?”

“வெளிக்கிட்டு நிற்கிறது,” என்றான் இரவிச்சந்திரன்.

பக்கத்துத் தெருவுக்குப் போனார்கள். தெரு கறுப்பாக, கழுவியது போல் கிடந்தது. பனி இல்லை. பலகை இல்லை. ட்ரக் இல்லை. எலுமிச்சம்பழம் ஒன்று தட்டையாகக் கிடந்தது.

ஜெனாட் சிலுவை போட்டுக்கொண்டான்.

எலிசா எதிர்ப்பக்கத்தைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

“என் கார் அங்கே நின்றது,” என்றாள்.

“பலகை இருந்ததே,” என்றான் இரவிச்சந்திரன் மெதுவாக.

“அது பொலிஸ் கார்.”

“எங்களுடையது டோ ட்ரக்.”

மூவரும் சுத்தமான தெருவைப் பார்த்தபடி நின்றார்கள். பிறகு எலிசா கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.

“உங்கள் சோதனை இதுதான். ஒரு கார். என்னுடையது. அரை மணித்தியாலம்.”

“ட்ரக் இல்லாமலா?”

“ட்ரக்கோடு. விதி அப்படித்தான்.”

பனி அள்ளும்போது தூக்கும் வாகனங்களை நகரசபை தூரத்துக்குக் கொண்டுபோவதில்லை. பக்கத்தில் துப்புரவான தெரு ஒன்றில் இறக்கிவிடும். எந்தத் தெரு என்பதைத் தேடுபவர்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

“அந்தோனியாரைக் கேப்பம்,” என்றான் ஜெனாட். “துலைஞ்ச சாமானுக்கு அவர்தான்.”

“அவர் திறப்புத் தேடித் தாறவர். ட்ரக் தேடித் தருவாரோ?”

“பெரிய சாமானெண்டா அவருக்கும் லேசு மச்சான். கண்ணுக்குத் தெரியும்.”

ஓடினார்கள். எலிசாவும் ஓடினாள். ஒரு தெருவில் இல்லை. அடுத்ததிலும் இல்லை. மூன்றாவதில், கார்டரி என்னும் குழந்தைகள் காப்பகத்துக்கு முன்னால் ட்ரக் நின்றது. அதன் வாலுக்குப் பின்னால், ஒரு முழ இடைவெளியில், எலிசாவின் கார் நின்றது.

ஜெனாட் வானத்தைப் பார்த்துத் தலையாட்டினான்.

“செல்வமலர் நல்ல நேரத்தில வெளிக்கிட வைச்சவள்,” என்றான் இரவிச்சந்திரன். “அதுதான் கிடைச்சது.”

“நல்ல நேரத்தில வெளிக்கிட்டபடியாத்தானடா துலைஞ்சது!”

இரண்டு வாகனத்தின் கண்ணாடியிலும் தண்டச் சீட்டு இருந்தது. எலிசா தன்னுடையதை நாலாக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தாள்.

இரவிச்சந்திரன் ட்ரக்கின் தூக்கும் கையை இறக்கினான். கார் அதற்கென்றே நிறுத்தியது போல் நின்றது. முன்சக்கரங்களை ஏந்தி, பட்டி போட்டு, விளக்கை எரியவிட்டான். ஒரு பிழையும் இல்லை. கார்டரி வேலிக்குள் பனியுடுப்போடு நின்ற பிள்ளைகள் கைதட்டினார்கள். எலிசா இருவருக்கும் நடுவில் ஏறி, தெரு முடியும்வரை தலை குனிந்தபடி இருந்தாள். ஓடிப் போகக்கூடிய காரை, திறப்போடு அதன் ஆளே பக்கத்தில் இருக்க, ஏன் தூக்கிக்கொண்டு போகிறோம் என்று ஒருவரும் கேட்கவில்லை. சோதனை என்றால் சோதனை.

வளவுக்குள் வந்தபோது அரை மணித்தியாலம் ஆகியிருக்கவில்லை. எலிசா காகிதத்தை ட்ரக்கின் மூக்கில் வைத்தாள்.

“தகுதி,” என்று சொல்லிப் பேனாவைத் திறந்தாள்.

இரவிச்சந்திரன் நேரத்தைப் பார்த்தான். பன்னிரண்டுக்குக் கால்மணி இருந்தது.

“பொறுங்கோ!”

அவனுக்குத் தமிழ்தான் வந்தது. எலிசா நிமிர்ந்தாள். ஜெனாட்டும் நிமிர்ந்தான்.

“மச்சான், உனக்கு விசரே?”

“இந்த நேரத்தில கையெழுத்து வைச்சா ஒரு மாசத்தில பேரை வெட்டுவாங்களடா.”

“இப்ப வைக்காட்டி மூண்டு வருசத்துக்கு இல்லை! அவ போகப்போறா!”

“ஏதாவது பிரச்சினையா?” என்று எலிசா கேட்டாள்.

இரவிச்சந்திரனின் பிரெஞ்சு வாகனங்களுக்குப் போதும். இதற்குப் போதாது. ஜெனாட் பெருமூச்சு விட்டுவிட்டு, தான் நம்பாத ஒன்றை விளக்கினான்.

“உடம்பில்லாத ஒரு பாம்பு இருக்கிறது, மேடம். வெள்ளிக்கிழமையில் இந்த நேரம் அதற்குச் சொந்தம். அந்த நேரத்தில் ஒன்றும் தொடங்கக் கூடாது.”

“ட்ரக்கைத் தெருவில் விட்டது பாம்புக்காகவா?”

“ஓம், மேடம்.”

எலிசா பேனாவைக் காகிதத்துக்கு மேலே பிடித்தபடி நின்றாள்.

“எப்போது போகும்?”

“சரியாகப் பன்னிரண்டுக்கு.”

“நேரம் தவறாதா?”

“ஒருநாளும் தவறாது.”

“பனி அள்ளுகிறவர்களுக்கும் அதைச் சொல்லிக்கொடுங்கள்,” என்று சொல்லிப் பேனாவை மூடினாள்.

ஜெனாட் உள்ளே போய் மீன் ரோல்ஸ் கொண்டுவந்தான். அவள் ஒன்றை எடுத்தாள். நின்றபடியே சாப்பிட்டார்கள். இரவிச்சந்திரனின் தொலைபேசி அடித்தது. செல்வமலர்.

“என்னப்பா, முடிஞ்சுதோ?”

“இல்லை. ராகு காலம் முடியட்டுமெண்டு நிக்கிறம்.”

“ஆர், நீங்களும் ஜெனாட்டுமோ?”

“பொலிசும்தான்.”

பன்னிரண்டு ஆனது. இரவிச்சந்திரன் தலையசைத்தான். எலிசா கையைத் துடைத்தாள். பேனாவைத் திறக்கவில்லை.

“இன்னும் ஒரு நிமிடம் விடுவோம்,” என்றாள். “பாம்பு அல்லவா.”

பிறகு கையெழுத்து வைத்தாள்.