சாரலுக்குத் திறந்த ஜன்னல்

என் கணவர் அஹ்சனுக்குத் தம்மாமில் ஏசி மெக்கானிக் வேலை. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை நாற்பது நாள் லீவு. இந்தமுறை வந்த மறுநாளே மேலகரத்து வீட்டு மாடியில் எனக்கு ஒரு சூட்டுப்பெட்டி செய்து கொடுத்தார். உள்ளே சூடு முப்பது டிகிரியில் அசையாமல் நிற்கும்.

அதற்குள்தான் என் ஆராய்ச்சி. இறால் ஓட்டைப் பொடித்து, தவிடு கலந்து, பஞ்சு அடைத்த ஜாடிகளில் பூஞ்சை வளர்த்தேன். ஓட்டைத் தின்பதற்காக அது ஒரு நொதியைச் சுரக்கும். அதை எவ்வளவு கூடுதலாகச் சுரக்கவைக்கலாம் என்பதுதான் என் முனைவர் பட்ட ஆய்வு. ஒவ்வொரு சுற்றும் ஆறு நாள். இது கடைசிச் சுற்று. முடிந்ததும் மிச்சமிருக்கும் பன்னிரண்டு நாளும் எங்களுக்கு மட்டும் என்று பேசி வைத்திருந்தோம்.

நடுவில் இரண்டு நாள் திருநெல்வேலி போகவேண்டி வந்தது. திரும்பிவந்தால் பெட்டி அணைந்து கிடக்கிறது. அதன் கதவும் திறந்திருக்கிறது, ஜன்னலும் திறந்திருக்கிறது. ஜாடிகள்மேல் குற்றாலத்துச் சாரல் காற்று.

“மச்சான், இதை யாரு நிறுத்துனது?”

“நான்தான். சாரல் அடிக்கும்போது எவனாவது சூட்டுப்பெட்டிய ஓட்டுவானா? ரெண்டு வருசமா இந்தக் காத்துக்குத்தான ஏங்கிக் கெடந்தேன். அதுகளும் கொஞ்சம் அனுபவிக்கட்டும்னு நெனச்சேன்.”

நான் ஏசிய ஏச்சை நினைத்துப் பிறகு நானே வெட்கப்பட்டேன். மத்தியானம் அவர் சோற்றைப் பிசைந்துவிட்டு எழுந்துபோனார்.

ஜாடிகளை எறிய மனசு வரவில்லை. ஆறாம் நாள் கல்லூரிக்குக் கொண்டுபோய் அளந்தேன். முந்தைய சுற்றுகளைவிட ஒன்றரை மடங்கு நொதி. பாழாய்ப்போன பூஞ்சைக்கும் குளிர்தான் பிடித்திருக்கிறது. சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. வழிகாட்டிப் பேராசிரியருக்குப் போன் செய்தேன்.

“ஒரு தடவை வந்தா போதாதும்மா. இதே குளிர்ல இன்னும் ரெண்டு சுற்று பாக்கணும். இந்த மாசத்துக்குள்ளயே முடிச்சிரு” என்றார்.

இரண்டு சுற்று என்றால் பன்னிரண்டு நாள். வீட்டுக்கு வந்து அவரிடம் சொன்னேன்.

“நீங்க செஞ்சது நல்லதாத்தான் முடிஞ்சிருக்கு மச்சான். ஆனா உங்க மிச்ச லீவு பூரா போச்சு.”

அவர் பைக் சாவியை எடுத்தார். புளியறை ஓட்டலில் இறால் ஓடு வாங்கிவரப் போகிறாராம்.

“ஏட்டி நஸீபா, நான் தம்மாம்ல இருந்து போன்ல கூப்பிட்டா நீ கையில உள்ளதப் போட்டுட்டு வந்து உக்காந்துருவ. நீ வேலை செய்யுதத நான் பாத்ததே இல்ல. பன்னெண்டு நாளும் இங்கன உக்காந்து பாக்கேன்.”

சாயங்காலம் தவிட்டை எடைபோட உட்கார்ந்தேன். எதிரே அவர், கண்ணை எடுக்காமல். மூன்று தரம் போட்டும் எடை தப்பிப்போனது.