மீண்டும் எடுத்துக்கொள்வீர்களா

2023ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் இருபத்திரண்டாம் நாள், செவ்வாய்க்கிழமை. வானம் துடைத்து வைத்தாற்போல் தெளிந்திருந்தது. விடியற்காலையிலிருந்தே தென்கிழக்குக் காற்று ஓயாமல் வீசிக்கொண்டிருந்தது. ஃபிஜியின் அந்தச் சிற்றூர்ச் சர்க்கரை ஆலையில் கரும்பு அரைவைக் காலம் ஆதலால், அக்காற்று ஆற்றைக் கடந்து வரும்போதெல்லாம் ஆலைப் புகைக்கூண்டின் கரித்துகள்களைச் சுமந்துவந்து, மருத்துவமனையின் சன்னல் விளிம்புகளிலும் கொடியில் காய்ந்த விரிப்புகளிலும் தூவிவிட்டுப் போயிற்று. பெண்கள் பிரிவின் பொறுப்புச் செவிலியரான சிஸ்டர் வசிதி, தம் வெண்சீருடையின் தோளில் விழுந்திருந்த ஒரு கரித்துணுக்கைத் தேய்க்காமல், ஊதி அகற்றினார். தேய்த்தால் அது கோடாக இழுபடும் என்பதை இந்த ஊரில் அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பின்பு நிமிர்ந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். இரவுப் பணியினர் பொறுப்பை ஒப்படைத்துவிட்டுக் கிளம்பியாயிற்று. பகல் பணிக்கு வர வேண்டிய இளம் செவிலி ஷயால் இன்னும் வந்துசேரவில்லை.

அவள் வந்தபோது தலைமுடியின் ஈரம் காயாமல் முதுகில் வட்டமாக ஊறியிருந்தது. பேருந்து நிறுத்தத்திலிருந்து வேகமாக நடந்து வந்திருக்க வேண்டும், மூச்சு வாங்கிற்று.

“மணி என்ன?”

“தெரியும் சிஸ்டர். மன்னிச்சிடுங்க.”

“மன்னிப்பு கேட்டா முள்ளு பின்னால போகுமா?”

“போகாது சிஸ்டர். அதான் சாயங்காலம் நின்னு எல்லாத்தையும் முடிச்சிட்டுப் போறேன்.”

அந்த விடையில் திமிர் இல்லை. இருந்திருந்தால் வசிதிக்கு எளிதாக இருந்திருக்கும். அவர் பயின்ற காலத்தில் மூத்தவர் ஒரு சொல் சொன்னால் அதற்கு ‘சரி சிஸ்டர்’ என்ற ஒரே விடைதான் உண்டு. நகத்தையும் காலுறையையும் மேட்ரன் வரிசையாகச் சோதிப்பார். அழுகை வந்தால் கழிப்பறைக்குள் சென்று, குழாயைத் திறந்துவிட்டு அழ வேண்டும். தீப்பிடித்தால் ஓடலாம், இரத்தம் பெருக்கெடுத்தால் ஓடலாம், வேறு எதற்கும் செவிலியர் ஓடக்கூடாது; ஓடினால் நோயாளி அஞ்சுவார். இவ்விதிகளில் பாதியை இக்காலத்துப் பெண்கள் கேட்டு வியக்கிறார்கள், மீதியைக் கேட்டுச் சிரிக்கிறார்கள். பணிமுறையை மாற்றிக்கொள்ள அவர்களுக்குள் கைப்பேசியில் ஒரு குழு இருக்கிறது. அதில் வசிதி இல்லை. யார் வருவார், யார் வரமாட்டார் என்பதை எல்லோருக்கும் கடைசியில் அவர் அறிந்துகொள்கிறார்.

சென்ற மாதம் நடந்தது அவர் நெஞ்சில் இன்னும் தைத்துக்கொண்டிருந்தது. இரவுப் பணிக்கு ஆள் வராத ஒரு நாளில், பகல் முழுதும் உழைத்த ஷயாலை அவர் தொடர்ந்து நிற்கச் சொன்னார். அவள் எல்லோர் எதிரிலும் தலையசைத்து மறுத்தாள்.

“முடியாது சிஸ்டர். பதினாறு மணி நேரத்துக்கு அப்புறம் நான் குடுக்கிற மருந்த நானே நம்ப மாட்டேன்.”

அன்றிரவு வசிதியே நின்றார். முப்பத்தைந்து ஆண்டுகளாக அப்படித்தான் நின்றிருக்கிறார். அவ்வாறு நின்ற இரவுகளில் தாம் கொடுத்த மருந்துகளைப் பற்றி அவர் அதுவரை எண்ணிப் பார்த்ததே இல்லை. அன்று விடிய விடிய எண்ணிக்கொண்டிருந்தார். அதற்காகவும் அவருக்கு அவள்மேல் கோபம் இருந்தது.

“விடுங்க சிஸ்டர்,” என்றாள் லிட்டியா, ஊசித் தட்டைத் துடைத்தபடி. நாற்பதைக் கடந்த லிட்டியாவுக்கு இரு பக்கமும் நின்று சிரிக்கத் தெரியும். “அடுத்த வருஷம் இந்த வார்டுல நீங்க, நான், அந்தப் பழைய ஃபேன், மூணு பேருதான். ஃபேனும் ஆஸ்திரேலியாவுக்கு அப்ளை பண்ணியிருக்குன்னு கேள்வி. அதான் இப்பல்லாம் சுத்தவே மாட்டேங்குது.”

ஷயால் சிரித்துவிட்டாள். வசிதி சிரிக்கவில்லை. சென்ற ஆண்டில் மட்டும் இப்பிரிவிலிருந்து ஏழு பேர் கடல் கடந்து போயிருந்தார்கள். ஒவ்வொரு முறையும் கேக் வெட்டினார்கள், பாட்டுப் பாடினார்கள், கட்டிப்பிடித்து அழுதார்கள். மறுநாள் காலையில் அதே எண்ணிக்கை நோயாளிகளும், ஒருவர் குறைந்த செவிலியரும் எஞ்சினார்கள்.

ஷயாலும் விண்ணப்பித்திருந்தாள். குயின்ஸ்லாந்தில் முதியோர் இல்லம் ஒன்றில் வேலை. மேலதிகாரி ஒருவர் அவளைப் பற்றித் தொலைபேசியில் நற்சொல் கூற வேண்டும் என்பது அவர்கள் விதி. “உங்க பேரத்தான் குடுத்திருக்கேன் சிஸ்டர், பரவாயில்லையா?” என்று அவள் கேட்டபோது, வசிதி காய்ச்சல் அட்டையிலிருந்து கண்ணை எடுக்காமல் தலையை மட்டும் அசைத்திருந்தார்.

முற்பகலில் அந்த அழைப்பு வந்தது. வசிதியின் சிறு அறைக்கும் வார்டுக்கும் இடையே ஒரு கண்ணாடித் தடுப்பு உண்டு. கைப்பேசியைக் காதில் வைத்துக்கொண்டு அதன் வழியே பார்த்தார். ஓரத்துக் கட்டிலில் பக்கவாதத்தால் கிடந்த கனத்த மூதாட்டியை ஷயாலும் லிட்டியாவும் புரட்டிப் படுக்கவைத்துக்கொண்டிருந்தார்கள். மூதாட்டியின் முகம் தன் பக்கம் திரும்பியதும் ஷயால் ஏதோ சொன்னாள். அந்தக் கோணிய வாயிலும் ஒரு சிரிப்பு வந்தது.

மறுமுனையில் பேசியவள் பெயர் கெர்ஸ்டின். குரல் கனிவாக இருந்தது. கேள்விகள் முன்பே எழுதிவைக்கப்பட்டவை என்பது தெரிந்தது. வேலையில் திறமை? உண்டு. நேர்மை? உண்டு. நோயாளிகளிடம் பொறுமை? உண்டு. ஒவ்வொரு விடைக்கும் பின்னால் விசைப்பலகை தட்டும் ஓசை மழைத்துளிபோல் கேட்டது.

“நேரத்துக்கு வந்துடுவாங்களா?”

வசிதி கண்ணாடிக்கு அப்பால் பார்த்தார்.

“அது கொஞ்சம் கஷ்டம். அடிக்கடி லேட்டாகுது.”

“காரணம் ஏதாவது சொன்னாங்களா?”

“சொன்னதில்ல.”

“அவசரத்துக்கு ஆள் வேணும்னா கூட நின்னு உதவுவாங்களா?”

“மறுத்திருக்கா.”

“கடைசியா ஒரே கேள்விதான். அவங்க மறுபடியும் உங்ககிட்ட வேலைக்கு வந்தா, எடுத்துக்குவீங்களா?”

எடுத்துக்கொள்வார். ஓடிப்போய் எடுத்துக்கொள்வார். அந்தப் பெண்ணைப் போன்ற கைகள் பத்து ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் ஒரு பிரிவுக்கு வாய்க்கும் என்பதை வசிதியைவிட நன்கறிந்தவர் அந்த மருத்துவமனையில் இல்லை. அதனாலேயே அவர் வாய் திறக்கவில்லை. விசைப்பலகை காத்திருந்தது.

“யோசிக்கணும்,” என்றார்.

“புரியுதுங்க. ரொம்ப நன்றி,” என்றது குரல். அதற்குப் புரிந்துதான் போயிற்று.

கைப்பேசியை மேசைமேல் வைத்தபோது அவருக்கு முதலில் தோன்றியது நிம்மதியே. பொய் ஒன்றும் சொல்லவில்லை. ஒவ்வொரு சொல்லும், நாடித்துடிப்பை எண்ணிக் குறிப்பதுபோல், உள்ளது உள்ளபடி. அந்த நிம்மதி, கை கழுவி ஈரம் காய்கிற வரையில்கூட நிலைக்கவில்லை.

காரணத்தை ஷயால் சொன்னதில்லை என்பது மெய்தான். சொல்ல வேண்டிய தேவை அவளுக்கு இருக்கவில்லை. சர்க்கரை நோயால் அவள் தந்தையின் வலது கால் முழங்காலுக்குக் கீழே அறுக்கப்பட்டது இதே மருத்துவமனையில், சென்ற ஆண்டின் இறுதியில். வீட்டுக்கு அனுப்பும் நாளன்று அவளை அருகே இருத்தி, கால்முனையைக் கழுவவும், துடைக்கவும், கட்டுப் போடவும் கற்றுத்தந்தவர் வசிதியே. “தினமும் காலையில நீயே பண்ணு. அவசரப்படாத. வேற யார் கையிலயும் விடாத,” என்று கண்டிப்பாகச் சொன்னவரும் அவரே. கழுவிக் கட்டுவதற்குள் முதல் பேருந்து போய்விடும். இரண்டாவதில்தான் அவளால் ஏற முடியும். அவள் தாமதமாக வந்த காலைகள் அனைத்திலும், வசிதியின் சொல்லுக்கு அவள் கீழ்ப்படிந்துகொண்டுதான் இருந்தாள்.

நண்பகல் கடந்தது. வசிதி மருந்து அலமாரியைத் திறந்தார், மூடினார், எதற்குத் திறந்தோம் என்று மறந்து மீண்டும் திறந்தார். பிற்பகலில் ஷயால் ஒரு கோப்பைத் தேநீரையும், தேங்காய்ப்பாலில் வேகவைத்த இரண்டு லோலோ பன்களையும் கொண்டுவந்து மேசையில் வைத்தாள்.

“போன் பண்ணாங்களா சிஸ்டர்? லிட்டியா அக்கா சொன்னாங்க.”

“பண்ணாங்க.”

“என்ன சொன்னீங்கன்னு கேக்க மாட்டேன். பயப்படாதீங்க.” அவள் சிரித்தாள், பிறகு குரலைச் சற்றுத் தாழ்த்தினாள். “எங்க குரூப்புல எல்லாரும் சொன்னாங்க சிஸ்டர், வேற யார் பேரையாவது குடுடி, இந்தம்மா உன்னக் கிழிச்சுத் தொங்கவிட்டுடுவாங்கன்னு. நான்தான் சொன்னேன், அவங்க கிழிச்சா என் மூஞ்சிக்கு நேரா கிழிப்பாங்க, முதுகுக்குப் பின்னால கிழிக்கத் தெரியாதுன்னு.”

வசிதி பன்னைக் கையில் எடுத்தார். வாய்க்குக் கொண்டுபோகவில்லை.

“அப்பா எப்படி இருக்காரு?”

“புண்ணு நல்லா காஞ்சிருச்சு. அத்தைக்கும் கத்துக் குடுத்துட்டேன், நான் போனா அவங்க பாத்துப்பாங்க. போனதும் முதல் வேலையா அவருக்கு ஒரு கால் வாங்கணும் சிஸ்டர். மரக்கட்டை மாதிரி இல்ல, மடங்குமே, அந்த மாதிரி. இப்பவே என்ன கலர் ஷூ போடலாம்னு கேக்குறாரு. ரெண்டு ஷூவும் வேணுமாம், இத்தன நாளா ஒத்தையா விக்க மாட்டாங்களேன்னு கவலைப்பட்டவரு.”

அவள் போய்விட்டாள். வசிதி தட்டை மூடிவைத்தார்.

வேலை நேரம் முடியும்போது அவர் தமக்குள் ஒரு சமாதானத்தைத் தயாரித்து வைத்திருந்தார்: இந்நேரம் அங்கே அலுவலகம் மூடியிருப்பார்கள், நாளை பேசலாம். அதை ஒருமுறை மனத்துக்குள் சொல்லியும் பார்த்தார். ஆயினும் குயின்ஸ்லாந்து, ஃபிஜியைவிட இரண்டு மணி நேரம் பிந்தி நிற்கிறது என்பது, ஏழு பேரை அங்கே அனுப்பிவைத்தவருக்குத் தெரியாமல் இல்லை. அங்கே இப்போது பிற்பகல் இரண்டு மணி. அறைக் கதவைச் சாத்திவிட்டு அந்த எண்ணை அழுத்தினார்.

“காலையில பேசின சிஸ்டர் வசிதி. ஷயால் விஷயமா. நான் சொன்னத மாத்தணும்.”

“சரிங்க. அதுல எது தப்புன்னு சொன்னா திருத்திடுறேன்.”

வசிதி காலையில் சொன்ன விடைகளை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தார்.

“எதுவும் தப்பில்ல.”

“அப்படின்னா?”

“எல்லாம் உண்மைதான். லேட்டா வர்றதுக்குக் காரணம் எனக்குத் தெரியும்; அவ அப்பா காலுக்கு நான் சொன்ன வைத்தியம். தெரிஞ்சும் சொல்லல. ராத்திரி நிக்க மறுத்தது சரிதான், அதையும் சொல்லல. மறுபடியும் எடுத்துக்குவீங்களான்னு கேட்டீங்க. அவளப் போக விடவே எனக்கு மனசில்ல. அதான் வாய மூடிட்டேன். அவ போயிட்டா இங்க ஆள் இல்ல.”

விசைப்பலகை ஓசை நின்றிருந்தது. மூன்று தலைமுறைச் செவிலியரை மிரட்டிய தம் குரல், தம் காதுக்கே ஒரு மாணவியின் குரல்போல் கேட்டதை வசிதி உணர்ந்தார்.

“நேர்மையா சொன்னீங்க, நன்றி,” என்றாள் கெர்ஸ்டின். “ஆனா இப்ப உங்க ரெண்டு பேச்சுல எதையுமே நான் வச்சுக்க முடியாதுங்க. அவங்க வேற ஒரு மேலதிகாரி பேரக் குடுக்கணும். இன்னிக்கே, எங்க நேரம் அஞ்சு மணிக்குள்ள, உங்களுக்கு ஏழு. இல்லன்னா இந்தத் தடவ அந்த இடம் வேற ஒருத்தருக்குப் போயிடும். நான் அவங்களுக்கு எழுதலாம், எழுதினா காரணமும் எழுதணும். இல்ல, நீங்களே சொல்லிடுறீங்களா?”

“நானே சொல்றேன்.”

வார்டில் ஷயாலின் பொறுப்பிலிருந்த கட்டில்கள் யாவும் சீராக இருந்தன. காலையில் வாக்களித்தவாறே எல்லாவற்றையும் முடித்துவிட்டிருந்தாள். லிட்டியா கையுறையைக் கழற்றியபடி வாசல் பக்கம் காட்டினாள். “இப்பதான் போனா சிஸ்டர். பஸ் நிக்குது பாருங்க.”

சன்னல் வழியே பார்த்தார். வாயிலுக்கு வெளியே பேருந்து உறுமிக்கொண்டு நின்றது. வசிதி நடந்தார்; நடை விரைந்தது; பின்பு அது நடையாக இருக்கவில்லை. தாழ்வாரத்தில் அமர்ந்திருந்த நோயாளிகளின் உறவினர் எழுந்து வழிவிட்டார்கள். ஒரு கிழவி, “இசா, இசா,” என்று ஃபிஜி மொழியில் இரக்கப்பட்டாள், யாருக்கு என்ன ஆயிற்றோ என்று. கரித்துகள் எதிரே பறந்து வந்து அவர் நெற்றியில் ஒட்டிற்று. அவர் அதை ஊதவில்லை.

அந்தப் பேருந்துக்குக் கண்ணாடிச் சன்னல்கள் கிடையா. சுருட்டிக் கட்டிய தார்ப்பாய்க்குக் கீழே பக்கமெல்லாம் திறந்த வெளிதான். மூன்றாம் வரிசையில் இருந்த ஷயால் அவர் ஓடிவருவதைக் கண்டதும் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்துவிட்டாள்.

“யாருக்கு சிஸ்டர்? ரத்தமா? இருங்க, வந்துட்டேன்!”

“யாருக்கும் இல்ல. உக்காரு.” வசிதிக்கு மூச்சு இரைத்தது. கைப்பிடியைப் பற்றி ஏறினார். ஓட்டுநர் வியப்புடன் திரும்பிப் பார்த்தான். இத்தனை ஆண்டுகளில் பெரிய சிஸ்டர் இந்தத் தடத்தில் ஏறியதில்லை. “நீ வண்டிய எடுப்பா. நானும் வர்றேன்.”

“எங்க வீட்டுக்கா?” ஷயாலின் முகம் மலர்ந்தது. “அப்பாவப் பாக்கவா? ஐயோ, சொல்லியிருந்தா அத்தைகிட்ட ஏதாவது செய்யச் சொல்லியிருப்பேனே!”

இருக்கையெங்கும் ஆலைக் கரி பொடியாகப் படிந்திருந்தது. ஷயால் தன் கைக்குட்டையை எடுத்து, சிஸ்டரின் வெண்சீருடையில் கறை படாதபடி, பக்கத்து இடத்தை ஓரத்திலிருந்து ஓரம்வரை துடைத்தாள். கரி கோடு கோடாக இழுபட்டது. கைக்குட்டையின் மறுபக்கத்தைத் திருப்பி மீண்டும் துடைத்தாள். பிறகு, தான் நகர்ந்து இடம் விட்டு, நிமிர்ந்து பார்த்தாள்.

பேருந்து அசைந்தது. மணி நான்கு இருபத்தேழு.