தனக்கோடியின் மூன்று விரல்

என் மகள் தனக்கோடி மூன்று வயதில் ஊஞ்சலிலிருந்து விழுந்தாள். தாடையில் பட்ட அடி ஆறிவிட்டது, வாய்தான் பூட்டிக்கொண்டது. பல்லிடுக்கில் கூழையும் கரைத்த சோற்றையும் உறிஞ்சியே ஒன்பது வயதுவரை வளர்ந்தாள். பேச்சும் பல்லுக்குள்ளேதான். புரட்டாசி சனிக்கிழமையில் தெருப் பிள்ளைகள் நாமம் போட்டுக்கொண்டு, வீடு வீடாக 'கோவிந்தா' போட்டு அரிசி வாங்குவார்கள். கத்த முடியாத இவள் கையில் சொம்பைக் கொடுத்துவிடுவார்கள்.

எழுபத்தெட்டாம் வருஷம் ஆடியில் வேலூரில் ஆபரேஷன் செய்து, ஒட்டியிருந்த தாடை மூட்டைப் பிரித்தார்கள். டாக்டர் ரங்கசாமி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

"இவ விரலே மூணு, ஒண்ணு மேல ஒண்ணா வாய்க்குள்ள போவணும். தினம் குச்சி கடிக்க வைங்க. விட்டீங்கன்னா மறுபடி ஒட்டிக்கும், மறுபடி அறுக்கணும்."

ஐஸ் குச்சிகளை அடுக்கிப் பல்லுக்கு நடுவில் வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்ட வேண்டும். இரண்டு விரல் வரைக்கும் வந்தாள். அப்புறம் குச்சியைக் கண்டாலே ஓட்டம். என் வீட்டுக்காரர் மாணிக்கவேலுக்கோ, மகள் அழுதால் தறியில் கை ஓடாது.

"பாவம், வுடு பூங்காவனம்" என்பார்.

"வுட்டுட்டு இன்னொரு தபா அறுக்கச் சொல்லவா?"

எனக்குப் பயம் வந்தால் அது கோபமாகத்தான் வெளியே வரும். ஆபரேஷன் நடந்த அறைக்கு வெளியே உட்கார்ந்திருந்த அந்தப் பகலை இன்னொரு முறை என்னால் தாங்க முடியாது.

புரட்டாசி வந்தது. சனிக்கிழமைதோறும் சொம்பைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். போய்த் தொலையட்டும் என்று விட்டேன். சாயங்காலம் தொண்டை கட்டிக்கொண்டு வருவாள். வெயிலில் சுற்றினால் இப்படித்தான் என்று திட்டிக்கொண்டே மிளகுக் கஷாயம் கொடுத்தேன். வாயைத் திறந்து காட்டடி என்றால் மட்டும் உதட்டை இறுக்கிக்கொள்வாள். குச்சி வைத்துவிடுவேனாம்.

எங்கள் தெருவைக் கடைசிச் சனிக்கிழமைக்கு வைத்திருந்தார்கள். நான் ராட்டையில் நூல் சுற்றிக்கொண்டிருந்தேன். வாசலில் ஒரு குரல் "கோவிந்தா" என்று கூரையைப் பிய்த்தது. மற்றப் பிள்ளைகள் சேர்ந்து பதில் கொடுத்தார்கள்.

"எவ அது, காலங்காத்தால பேஜார் பண்ணிகினு?" என்று முறத்தில் அரிசியோடு போனேன்.

சொம்பு எதிர்வீட்டு ஜெயவேல் கையில் இருந்தது. முன்னால் நின்று, கண்ணை மூடிக்கொண்டு கத்தியது என் மகள். திறந்த வாய்க்குள் சிவப்பாக, சின்னதாக உள்நாக்கு ஆடியது. ஆறு வருஷமாக நான் பார்க்காத உள்நாக்கு.

கண்ணைத் திறந்தவள், என்னைப் பார்த்ததும் வாயை மூடப் போனாள்.

"மூடாதடி" என்றேன்.

முறத்தைக் கீழே வைத்துவிட்டு, அவள் கையையே பிடித்து விரல்களை உள்ளே விட்டேன். இரண்டு போனது. மூன்றாவதும், இடித்துக்கொண்டுதான் என்றாலும், போய்விட்டது.

"யாருடி உன்னக் கத்தச் சொன்னது?"

"யாரும் சொல்லலம்மா. எல்லா வருசமும் சொம்பப் புடிச்சிகினே நின்னேன். எனக்கும் கத்தணும்னு இருந்திச்சி."

"வலிக்கலியா?"

"வலிச்சிது. ஆனா எல்லாரும் திருப்பிச் சொல்றாங்கம்மா."

எனக்கு அழுகை வந்துவிட்டது, சிரிப்பும் வந்தது. முறத்து அரிசியை அப்படியே சொம்பில் கொட்டினேன். பாதி தெருவில் சிந்தியது. உள்ளே தறிச் சத்தம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

"இன்னொரு தபா போடுடி" என்றேன். "உங்கப்பன் எழுந்து வரட்டும்."