யாராவது பதில் சொல்லுங்கள்

அரபு நாட்டு ருவைஸில் என் பெயர் 'கௌரிசங்கர் சார் மிஸஸ்'. கோயம்புத்தூர்க் கல்லூரியில் இங்கிலீஷ் நடத்திய பிருந்தா, சுத்திகரிப்பு ஆலை எஞ்சினியரின் மனைவியாக இங்கே வந்து இறங்கியதோடு காணாமல் போய்விட்டாள். அதனால்தான் பயிற்சி மையத்து மேலாளர் நூஹு கூப்பிட்டபோது சம்பளம்கூடக் கேட்காமல் ஓடினேன்.

"எட்டு பேரும்மா, ஃபின்லாந்துக்காரங்க. புது பிளான்ட்ல மெஷின் மாட்ட வந்திருக்காங்க. சேஃப்டி ஆபீசர் இங்கிலீஷ்ல நேர்ல கேள்வி கேப்பாரு. பதில் சொன்னாத்தான் கேட் பாஸ். இவங்க தேறிட்டா வேலை உங்களுக்கு நிரந்தரம். இல்லேன்னா கலாஸ், அவ்வளவுதான்," என்றார்.

முன்பு இருந்த வாத்தியார் ஏன் போனார் என்று கேட்டேன்.

"இந்த எட்டு பேரும் வாயே திறக்க மாட்டேங்குறாங்களாம்."

ஆளைப் பேச வைப்பதில் நான் கெட்டிக்காரி என்று எனக்கொரு நினைப்பு. முதல் வகுப்பிலேயே அதில் மண் விழுந்தது. 'சம்படி, எனிபடி, நோபடி' பாடம். கேள்வியைக் கேட்டுவிட்டு "எனிபடி?" என்றேன். எட்டு பேரும் மேசையைப் பார்த்தார்கள். நானே பதிலைச் சொன்னேன். அடுத்த கேள்விக்கும் அதே கதைதான். முடியும்போது எனக்குத் தொண்டை கட்டியிருந்தது. அவர்களோ மரியாதையாக நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பினார்கள். அந்த நன்றிதான் என்னை இன்னும் எரிச்சலாக்கியது.

"செவுத்துக்குப் பாடம் எடுத்துட்டு வர்றனுங்க," என்று வீட்டில் புலம்பினேன்.

"இங்கயும் நீதான் கேள்வி, நீதான் பதில். நான் என்ன கெட்டா போயிட்டேன்?" என்றார் கௌரிசங்கர். அன்று அவருக்கு மூன்றாவது தோசை கிடைக்கவில்லை.

மறுநாள் அவர்களின் ஃபோர்மேன் ஹெய்க்கியைப் பலகைக்கு அழைத்தேன். கதவை அடைக்கிற மாதிரி ஆகிருதி. 'யாரும் வரவில்லை' என்று பொருள் வரும்படி எழுதச் சொன்னதற்கு 'எனிபடி டிடின்ட் கம்' என்று எழுதினார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் ஊர்ப் பிள்ளைகளும் அச்சு அசலாக இப்படித்தான் எழுதும். தமிழில் நாங்கள் 'இல்லை'யைக் கடைசியில் வைப்போம், இங்கிலீஷ்காரன் அதைத் தூக்கி முதலிலேயே 'நோபடி' என்று உட்கார வைத்துவிடுவான் என்று விளக்கினேன். அவர்கள் பாஷையிலும் எங்களைப் போலவே 'யாரும்' ஒரு பக்கம், 'இல்லை' ஒரு பக்கமாம். முதன்முதலாக வகுப்பில் முகங்கள் மலர்ந்தன.

சற்று நேரம் கழித்து ஹெய்க்கி தானாகவே பேசினார்.

"மேடம், நீங்கள் எனிபடி என்கிறீர்கள். அப்படியானால் என்னைக் கேட்கவில்லை. முந்திக்கொண்டு சொன்னால் இவர்கள் என்னைப் பீற்றிக்கொள்கிறவன் என்று நினைப்பார்கள். சரி, யோசித்துச் சொல்லலாம் என்றால் அதற்குள் நீங்களே சொல்லிவிடுகிறீர்கள்."

எனக்குச் சுருக்கென்றது. வீட்டுக்காரர் சொன்னதும் இதுதானே.

அன்றிலிருந்து பெயர் சொல்லிக் கேட்டேன். கேட்டபின் வாயை இறுக மூடிக்கொண்டேன். அது எனக்கு எவ்வளவு பெரிய தண்டனை என்பது என்னைத் தெரிந்தவர்களுக்குப் புரியும். ஏசி உறுமும், யாரோ ஒருவர் பேனாவைத் திருகுவார், எனக்கோ நாக்கு துறுதுறுவென்று இருக்கும். ஆனால் பதில் வந்தது. தாமதமாக வந்தாலும் முழுசாக, பிழையில்லாமல் வந்தது.

தேர்வு நாள். சேஃப்டி ஆபீசர் கௌஸ் முகம்மது ஹைதராபாத்காரர், எல்லாவற்றிலும் 'ஜல்தி'. எட்டு பேரையும் வரிசையாக உட்கார வைத்து, கேஸ் வாடை வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். "எனிபடி?"

எட்டு பேரும் மேசையைப் பார்த்தார்கள். கௌஸ் முகம்மது மூச்சுவிடக்கூட நேரம் கொடுக்கவில்லை.

"மேடம், இங்கிலீஷ் மாஃபி, இல்லவே இல்லை," என்று பேனாவை மூடினார்.

என் வேலை அந்தப் பேனா மூடியோடு போகப் பார்த்தது. நான் எழுந்தேன். பின்வரிசையிலிருந்து நூஹு, உட்காருங்கள் என்று கையைக் காட்டினார். உட்காரவில்லை.

"சார், பெயர் சொல்லிக் கேளுங்கள். கேட்டுவிட்டு உங்கள் முன்னால் இருக்கிற சுலைமானி டீயைக் குடியுங்கள். அது தீரும்வரை ஒன்றும் பேசாதீர்கள்."

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பிறகு, "மிஸ்டர் ஹெய்க்கி," என்று கேட்டுவிட்டு டீ கிளாஸை எடுத்தார். ஒரு வாய் குடித்தார். இன்னொரு வாய். கிளாஸ் பாதி காலியானபோது ஹெய்க்கி நிமிர்ந்தார்.

"யாருக்கு வாடை தெரிந்தாலும் எல்லோரும் வேலையை நிறுத்துவோம். எதையும் எடுக்க யாரும் திரும்பிப் போக மாட்டோம். யாராவது ஒருவர் கண்ட்ரோல் ரூமுக்குச் சொல்ல வேண்டும். அந்த ஒருவர் நான்."

அத்தனையும் நல்ல இங்கிலீஷில், ஒரு சொல் இடம் மாறாமல் வந்தது. கௌஸ் முகம்மது கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "அச்சா," என்றார். அடுத்தவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அந்த மனிதர் அன்று எத்தனை சுலைமானி குடித்தாரோ, எட்டு பேருக்கும் பாஸ் கிடைத்தது. நான் பாத்ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு வாய்விட்டுச் சிரித்தேன்.

வெளியே வந்தபோது வராந்தாவில் நூஹு மற்ற வாத்தியார்களோடு நின்றிருந்தார்.

"அடுத்த வாரம் கொரியாக்காரங்க வர்றாங்க. யாராவது எடுக்குறீங்களா?" என்று பொதுவாகக் கேட்டார்.

நான் ஃபின்லாந்துக்காரர்களைப் போலத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பாஸைக் கழுத்தில் மாட்டிக்கொண்டிருந்த ஹெய்க்கிக்குத் தமிழ் தெரியாது. ஆனால் அந்த மௌனம் தெரியும். உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினார்.

நூஹு அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"பிருந்தா மேடம், நீங்க எடுக்குறீங்களா?"

பதில் என் நாக்கு நுனியில் இருந்தது. ஆனாலும் அவரைக் கொஞ்சம் காக்க வைத்துவிட்டுத்தான் சொன்னேன்.