பீரோவின் மூலைவிட்டம்

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் பொறுங்க, நாங்க வந்து தூக்கி வைக்கிறோம்" என்று சொல்லிவிட்டுத்தான் அண்ணனும் தம்பியும் வேலைக்குப் போனார்கள். அவர்கள் மனைவிகளான ஓரகத்திகள் கேட்டால்தானே! ஒரே வீட்டில் எலியும் பூனையுமாக இருந்த இருவரும் ஒன்றுசேர்ந்ததே இந்தப் பிடிவாதத்தில்தான்.

மூத்தவள் தையல்காரி. அளவெடுத்தது அவள். மாடியறையின் கூரை உயரம் இருநூற்றைந்து சென்டிமீட்டர், மரப் பீரோவின் உயரம் இருநூறு. இளையவள் மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். "தாராளமா நிக்கும்க்கா" என்றாள்.

படுக்கவைத்து உள்ளே தள்ளினார்கள். மூத்தவள் உள்ளே நின்று தலைப்பக்கத்தைத் தூக்க, இளையவள் வாசலில் அடிப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டாள். நிமிர்வதற்குள் மேல் மூலை கூரையில் மோதி, சுண்ணாம்பைக் கடித்து நின்றுவிட்டது. ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

அறையின் அகலத்தைப் பீரோ அடைத்துக்கொண்டது. சாய்ந்த முதுகுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு கட்டிலும் மூத்தவளும் மட்டும். ஜன்னல் கிடையாது. வாசல் வெளிச்சம் ஒரு கையகலம் வந்தது. அசைத்தால் மார்மேலேயே விழும் என்று தோன்றியது. கட்டிலைப் பீரோவுக்கு அடியில் முட்டுக் கொடுத்துவிட்டுச் சுவரோடு ஒட்டி நின்றாள். வாய்க்குள் சுண்ணாம்புத் தூள்.

"அக்கா, அவங்களைக் கூப்பிடவா?"

"கூப்பிட்டா ஆயுசுக்கும் சிரிப்பாங்க. ஏன் நிக்கலன்னு யோசி."

"நிமிரும்போது கோணலாத்தானே போகுது... உயரத்தையும் ஆழத்தையும் கூட்டணுமோ? இருநூறும் அறுபதும் இருநூத்தி அறுபது. ஐயோ, உடைச்சுத்தான் எடுக்கணும்!"

மூத்தவளுக்கு மூச்சு முட்டியது. கத்த வாயெடுத்தவள் அடக்கிக்கொண்டாள்.

"கூட்டினா எப்படி? துணியில ரெண்டு ஓரத்தையும் சுத்தி அளக்கிறதைவிடக் குறுக்கே அளந்தா கம்மியாத்தான் வரும். இல்லேன்னா ஊர்ல யாராவது குறுக்கு வழியில போவாங்களா?"

அந்தப் பக்கம் இளையவள் சுவரில் விரலால் கோடு போட்டுப் பார்த்தாள். பிறகு, "வர்க்கம்க்கா! ரெண்டையும் வர்க்கம் பண்ணிக் கூட்டி மூலம் எடுக்கணும். பள்ளிக்கூடத்துல அடி வாங்கிப் படிச்சது." செல்பேசியில் தட்டினாள். "இருநூத்தி எட்டே முக்கால். கூரையைவிட ஜாஸ்தி. நிக்கிற உயரத்தை மட்டும் பார்த்தேன், எழுந்திருக்கிற உயரத்தைப் பார்க்கலை. தப்பு என்னோடது."

"பீரோவைக் காலோட சேர்த்து அளந்தது நான். கழட்டலாம்னு எனக்கும் தோணலையே. கால் உயரம் பத்து. கழிச்சுப் போடு."

"இருநூத்தி எட்டுல இருந்தா?"

"அவசரப்படாதே. உயரத்துல கழிச்சு, மறுபடி முதல்ல இருந்து போடு."

வியர்வை கண்ணில் வழிந்தது. துடைக்கக் கையை மடக்கவும் இடமில்லை. இவள் மறுபடி தப்பாகப் போட்டால் என்ன கதி?

"நூத்தித் தொண்ணூத்தி ஒன்பது சொச்சம்! போகும்க்கா."

"இன்னொரு தடவை போடு."

போட்டாள். அதேதான் வந்தது.

இளையவள் கீழேயிருந்து கடப்பாரை கொண்டுவந்து அடிப்பக்கத்தை நெம்பினாள். பாரம் கட்டில்மேல் ஏறியது. மேல் மூலை கூரையிலிருந்து விலகியது. தலைக்குமேல் மரம் முனகியபோது மூத்தவள் கண்ணை மூடிக்கொண்டாள். கடப்பாரையை முழங்காலால் அழுத்திப் பிடித்தபடி இளையவள் நான்கு கால்களையும் ஒவ்வொன்றாகத் திருகி எடுத்தாள்.

"இப்போ தள்ளுங்க!"

மூத்தவள் தோள் கொடுத்தாள். பீரோ கூரையை உரசாமல் எழுந்து நின்றது. இருவருமாக அதைச் சுவரோரம் நகர்த்தியதும் வாசல் திறந்தது.

மூத்தவள் வெளியே வந்து படியில் உட்கார்ந்தாள். இளையவள் தண்ணீர் கொண்டுவந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அழுதிருக்கிறாள் என்று அப்போதுதான் தெரிந்தது.

"உள்ளே இருந்தது நான், அழறது நீயா?"

"கணக்குத் தப்பாயிடுமோன்னு..."

"ரெண்டு தடவை தப்பாச்சு. அப்புறம்தானே சரியாச்சு" என்று தம்ளரை அவளிடமே நீட்டினாள் மூத்தவள். "நீ முதல்ல குடி."